பிடிக்குள் அடங்காத இரும்பு



பலம் என்றதும் நம் கண் புஜத்துக்குத்தான் போகிறது. படத்தில் பயில்வான் முழங்கையை மடக்கிக் காட்டுகிறார், அரங்கம் கைதட்டுகிறது. இன்று நான் அந்த முழங்கைக்குக் கீழே வந்து நின்றுகொள்கிறேன். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரைக்கும் உள்ள பலத்தைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். முதுகும் தொடையும் மலைபோல் இருந்தாலும், பாரம் உடம்புக்கு வந்து சேர்வது கை வழியாகத்தான். கை விட்டுவிட்டால் மற்ற எதற்கும் வேலை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய காலத்துப் பயில்வான்களைப் பற்றிய கதைகளில் பெரும்பகுதி சுவரொட்டிக்காக எழுதப்பட்டது. டிக்கெட் விற்க வேண்டும், சவால் விட வேண்டும், எதிரியைவிடப் பத்துப் பவுண்டு கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதைகளில் எதை நம்புவது? என் பதில் எளிமையானது. அவர்கள் தூக்கிய பொருள் இன்று கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால், அதைத் தராசில் வைக்கலாம், அளவெடுக்கலாம், இன்னொருவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லலாம். பிடிபலத்தின் வரலாற்றில் அப்படிப்பட்ட பொருள்கள் சில நமக்கு மிஞ்சியிருக்கின்றன. அது பெரிய பேறு.

முதலில் கையைப் பார்த்துவிடுவோம். உங்கள் இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். உங்கள் இடது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ புரள்கிறது அல்லவா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் எலும்பு, மூட்டு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல் ஆகியவைதான் உண்டு. மடக்குவதற்கென்று ஒரு தசைகூட விரலில் இல்லை. முன்கையிலிருந்து கிளம்பும் ஒன்பது நாண்கள், ஒரு நரம்போடு சேர்ந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு விரல்களுக்குப் போகின்றன. கட்டைவிரலுக்கு மட்டும், அதன் அடியில் உள்ள சதைமேட்டில், சொந்தமாகச் சில வலிய தசைகள் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் கட்டைவிரல்தான் கதாநாயகன்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உள்ளங்கையை முன்னிருக்கையின் முதுகுப்பலகை மேல் விரித்து வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். கட்டைவிரல் எழும்; ஆள்காட்டி விரல் எழும்; சுண்டுவிரலும் எழும். மோதிர விரல் எழாது. நீங்கள் எவ்வளவு உத்தரவு போட்டாலும் எழாது. புறங்கையில் நாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் நேர்வது இது. விரல்கள் ஒன்றையொன்று சார்ந்தே வேலை செய்கின்றன. ஒரு விரல் தளர்ந்தால் பக்கத்து விரலும் தளரும். பிடி நழுவும்போது படிப்படியாக நழுவுவதில்லை, ஒரேயடியாகத் திறந்துவிடுகிறது என்று பளு தூக்குகிறவர்கள் சொல்வார்கள். கை அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

இனிக் கதைக்கு வருவோம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆயுதக் காட்சியகத்தில் உடைந்த லாடம் ஒன்று இருக்கிறது. சாக்சனி நாட்டை ஆண்டு, போலந்துக்கும் அரசராக இருந்த அகஸ்டஸ், 1711 பிப்ரவரி 15 அன்று அதைக் கையால் உடைத்தார் என்பதற்கான சான்றிதழோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வலியவர் அகஸ்டஸ் என்றே அவருக்குப் பெயர். அதே டிரெஸ்டனில், ஆற்றங்கரை மேடை ஒன்றின் இரும்புக் கைப்பிடிக் கம்பியில் கட்டைவிரல் பதிந்ததுபோல ஒரு குழி இருக்கிறது. அதுவும் அகஸ்டஸ் அழுத்திய தடம்தான் என்று ஊரில் சொல்வார்கள். பயணிகள் எல்லோரும் தங்கள் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பி பொருத்தப்பட்டபோது அகஸ்டஸ் உயிரோடு இல்லை. அவர் 1733லேயே இறந்துவிட்டார். ஒரே மனிதர், ஒரே ஊர். ஒன்றுக்குப் பொருளும் தேதியும் இருக்கின்றன, மற்றொன்றுக்குக் கதை மட்டுமே இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பயில்வான்களின் வரலாற்றைப் படிப்பது மிகவும் சுவையான வேலையாகிவிடும்.

லாடத்தைப் பற்றியும் ஒரு சொல். எல்லா லாடமும் ஒன்றல்ல. தேனிரும்பு வளையும், வார்ப்பிரும்பு உடையும். ஆகவே உடைந்த லாடத்தைப் பார்த்தால் பலத்தோடு இரும்பின் தன்மையையும் விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரித்த ஓர் ஆளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜான் தியோஃபிலஸ் டெஸாகுலியே என்று பெயர். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், நியூட்டனின் கருத்துகளைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொற்பொழிவாற்றியவர். அவர் காலத்தில் எக்கன்பெர்க் என்ற ஜெர்மானியர் ‘சாம்சன்’ என்ற பெயரோடு ஊர் ஊராக வந்து, இடுப்பில் கயிறு கட்டிக் குதிரைகளை எதிர்த்து இழுத்துக் காட்டினார். டெஸாகுலியே அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். கால்களை ஒரு முட்டுக்கட்டையில் நீட்டி, கயிற்றை இடுப்புக்குக் கீழே கட்டிக்கொண்டால், இழுவிசையை எலும்புகள் வாங்கிக்கொள்ளும். தசைக்கு அதிக வேலை இல்லை. பிறகு சாதாரண உடல்வாகு உள்ளவர்களைக் கொண்டே அந்த வித்தைகளைச் செய்து காட்டினார்.

அவரே தாமஸ் டாப்பம் என்ற லண்டன்காரரைச் சோதித்தபோது வேறு முடிவுக்கு வந்தார். டாப்பத்துக்கு நெம்புகோல் சூட்சுமம் எதுவும் தெரியாது; அவர் குதிரையை எதிர்த்து இழுத்தபோது தவறான நிலையில் உட்கார்ந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். ஆனால் ஏழு பவுண்டு எடையுள்ள ஈயக்கலவைத் தட்டு ஒன்றை விரல்களாலேயே சுருட்டிவிட்டார். அங்கே முட்டுக்கட்டை இல்லை, கயிறு இல்லை. விரலும் உலோகமும் மட்டுமே. இது உண்மையான பலம் என்று டெஸாகுலியே எழுதினார். 1741 மே 28 அன்று இதே டாப்பம், மூன்று தண்ணீர்ப் பீப்பாய்களை, மொத்தம் 1,836 பவுண்டு, தோளில் மாட்டிய பட்டையின் துணையோடு தரையிலிருந்து எழுப்பினார். வரலாற்றுப் புத்தகங்களில் அந்தப் பீப்பாய்கள்தான் படமாக வரும். எனக்கோ அந்தத் தட்டுதான் பெரிது. பீப்பாயைத் தூக்கியதில் எலும்புக்கும் பட்டைக்கும் பங்கு உண்டு. தட்டைச் சுருட்டியதில் விரல்களுக்குத் துணை யாரும் இல்லை.

இந்த மேஜையில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு வைத்திருக்கிறேன். விட்டம் 60 மில்லிமீட்டர். முன்வரிசையில் இருந்து ஒவ்வொருவராக வாங்கிப் பிடித்துப் பாருங்கள், பேச்சு நடக்கட்டும். ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியில் ஆண்கள் பிடிக்கும் கம்பியின் விட்டம் 28 மில்லிமீட்டர். அதைப் பிடித்தால் விரல்கள் முழுக்கச் சுற்றி வரும். கட்டைவிரல் அவற்றின் மேல் படிந்து பூட்டுப் போட்டுவிடும். இந்தக் குழாயில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றை ஒன்று தொடுவதே கடினம். கை திறந்தே இருக்கிறது. திறந்த கையில் தசைகளுக்கு இழுவிசை குறைவு. பூட்டு என்று எதுவும் இல்லை.

இந்த விட்டத்தில்தான் தாமஸ் இஞ்ச் தன் பெயரை நிலைநாட்டினார். 1881ல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் பிறந்தவர். பிரிட்டனின் பலசாலி என்று பட்டம் வைத்துக்கொண்டு தபால் வழியாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். மேடைக்கு ஒரு டம்பெல் கொண்டுவருவார். வார்ப்பிரும்பு, இரு முனையிலும் உருண்டைக் குண்டு, நடுவே குட்டையான, தடித்த கைப்பிடி. எடை 172 பவுண்டு, அதாவது 78 கிலோ. ஒற்றைக் கையால் இதைத் தரையிலிருந்து எழுப்புகிறவருக்கு 200 பவுன் பரிசு என்பது அவருடைய அறைகூவல். நாடு நாடாக வந்த பலசாலிகள் குனிந்தார்கள், பிடித்தார்கள், நிமிர்ந்தார்கள். டம்பெல் தரையிலேயே இருந்தது.

78 கிலோ என்ன பெரிய எடை? ஒரு நெல் மூட்டையின் எடைதான். மண்டியில் வேலை செய்கிற அண்ணன்கள் நாள் முழுக்கத் தூக்குவது. சூட்சுமம் எடையில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது. தடித்த உருண்டைக் கைப்பிடியைப் பிடித்து எழுப்பத் தொடங்கியதுமே இரு பக்கக் குண்டுகளும் சேர்ந்து கையை விட்டு உருளப் பார்க்கின்றன. நான்கு விரல்களும் ஒரு பக்கத்திலிருந்து தாங்குகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து உருளாமல் தடுக்கக் கட்டைவிரல் ஒன்றுதான் உண்டு. முதுகு 300 கிலோவுக்குத் தயாராக இருக்கும். கட்டைவிரல் ‘என்னால் ஆகாது’ என்று சொல்லிவிடும், அவ்வளவுதான். உருண்டு திரியும் அந்தக் குண்டுகளை வைத்தே, பார்த்தால் எளிதாகத் தோன்றும் ஒன்றை இஞ்ச் முடியாத காரியமாக்கிவிட்டார். இப்படி ஒரு பொருளை வடிவமைப்பதற்கும் அறிவு வேண்டும்.

இஞ்சிடம் அதே தோற்றத்தில் எடை குறைந்த டம்பெல்களும் இருந்தன. ஆகவே மேடையில் அவர் தூக்கியது எது, மற்றவரைத் தூக்கச் சொன்னது எது என்று அன்றே முணுமுணுப்பு இருந்தது. தலைக்கு மேல் உயர்த்தினார் என்ற பேச்சை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. தரையிலிருந்து எழுப்பினார் என்பதை நம்புகிறேன்; நாள்தோறும் அதே கைப்பிடியோடு வாழ்ந்த மனிதருக்கு அது முடியாதது அல்ல. ஆனால் என் நம்பிக்கையை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த டம்பெல் அழியவில்லை. 1950களில் மிஸ்டர் யுனிவர்ஸ் ரெக் பார்க் அதைத் தூக்கினார். பிறகு பளுதூக்கும் வீரர் டேவிட் பிரவுஸ் தூக்கினார். ஸ்டார் வார்ஸ் படத்தில் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் நடந்தாரே, அவரேதான். பிற்பாடு அது அமெரிக்காவுக்குப் போனது. அதைப் பார்த்து அதே அளவில் வார்த்த நகல்கள் இன்று பல நாடுகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் கிடக்கின்றன. தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்க முடியாமல் திரும்புகிற மாபெரும் பலசாலிகள் அதைவிட அதிகம். நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு சவாலை, அதே எடையில், அதே விட்டத்தில், இன்று நீங்களும் ஏற்கலாம் என்பது எவ்வளவு அருமையான செய்தி!

இதே வரிசையில் இன்னொரு பொருள், பிரான்சில். லூயி உனி என்று ஒருவர், 1862ல் தெற்குப் பிரான்சின் மார்சியார்க் ஊரில் பிறந்தவர். மேடையில் அவர் பெயர் அப்பல்லோன். ரயில் வண்டிச் சக்கரங்கள் இரண்டும் அவற்றை இணைக்கும் அச்சும் அவருடைய பளு. எடை 166 கிலோ. அச்சின் விட்டம் 49 மில்லிமீட்டர். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்றைய ஒலிம்பிக் கம்பியில் தட்டுகள் தனியாகச் சுழலும். தோளுக்கு ஏற்றும்போது மணிக்கட்டைத் திருப்பினால் கம்பி மட்டும் கையோடு திரும்பும். அப்பல்லோனின் அச்சும் சக்கரமும் ஒரே உடம்பு. மணிக்கட்டைத் திருப்ப வேண்டுமானால் ரயில் சக்கரத்தையே திருப்பியாக வேண்டும். அப்பல்லோனே அதைத் தலைக்கு மேல் தூக்கினாரா என்பதில் எழுதியவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

அவருக்குப் பிறகு 1930ல் ஷார்ல் ரிகுலோ தூக்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1949ல் அமெரிக்கர் ஜான் டேவிஸ். 1954ல் நார்பர்ட் ஷெமான்ஸ்கி. கால் நூற்றாண்டில் மூன்றே பேர், மூவரும் ஒலிம்பிக் சாம்பியன்கள்.

டேவிஸ் தூக்கிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவருடைய கை சிறியது. இரு உள்ளங்கையையும் கீழ்நோக்கி வைத்துப் பிடித்தால் அந்தத் தடித்த அச்சு நழுவிக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு கையை மேலிருந்தும் மற்றொரு கையைக் கீழிருந்தும் வைத்துப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் அச்சு எந்தப் பக்கமும் உருளாது. ஒரு கை திறக்கும் திசையை மறு கை மூடிவிடும். ஆனால் அந்தப் பிடியோடு தோளில் ஏற்ற முடியாது. டேவிஸ் என்ன செய்தார்? 166 கிலோவைத் தரையிலிருந்து உருவி மார்பு உயரத்துக்கு எகிறவிட்டு, அது அந்தரத்தில் இருக்கும் நொடியில், கீழிருந்து பிடித்த கையை விட்டுத் திருப்பி, மீண்டும் பிடித்துத் தோளில் வாங்கினார். பிறகு தலைக்கு மேல் உயர்த்தினார். 1948லும் 1952லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அந்த மனிதரின் வாழ்க்கையில் இதைவிட எனக்கு வியப்பூட்டும் கணம் வேறில்லை. பிடி போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சுற்றிப் போக ஒரு வழியைத் தன் உடம்பிலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

2002ல் அமெரிக்காவில் நடந்த ஆர்னால்ட் பலசாலிப் போட்டிக்கு அந்தச் சக்கரங்களின் நகலைச் செய்து வைத்தார்கள். போட்டியாளர் மார்க் ஹென்றி அதை மூன்று முறை தலைக்கு மேல் உயர்த்தினார். அவர் கையைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

ஒற்றை விரலுக்கு வருகிறேன். ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் விரல் இழுப்புப் போட்டி என்று ஒன்று இன்றும் நடக்கிறது. வேடிக்கைக்காக அல்ல, எடைப் பிரிவுகள், நடுவர், சாம்பியன் பட்டம் எல்லாம் உண்டு. மேஜைக்கு இரு பக்கமும் இருவர் எதிரெதிரே ஸ்டூலில் உட்காருவார்கள். நடுவில் ஒரு சிறு தோல் வளையம். இருவரும் ஆளுக்கொரு விரலை, பெரும்பாலும் நடுவிரலை, அதில் மாட்டுவார்கள். நடுவர் சொன்னதும் இழுப்பு. எதிரியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் வெற்றி. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஓர் ஆள் கைநீட்டித் தயாராக உட்கார்ந்திருப்பார். எதிரியின் பிடி சட்டென்று விட்டுவிட்டால், இழுத்தவர் பின்பக்கமாகப் போய் விழாமல் ஏந்திக்கொள்வது அவர் வேலை. வீரர்களின் நடுவிரல் காய்ப்புக் காய்த்துத் தடித்துப் போயிருக்கும்.

அதே பவேரியாவின் மியூனிக்கில் 19ஆம் நூற்றாண்டில் ஹன்ஸ் ஸ்டைரர் என்பவர் 508 பவுண்டுக் கல் ஒன்றை ஒரே விரலால் எழுப்பியதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பவுண்டு அரைக் கிலோ. ஆக 254 கிலோ. அவர் நினைவாக இன்றும் மியூனிக்கின் ஒரு பெரிய பீர்க்கூடத்தில் ஆண்டுதோறும் அதே 508 பவுண்டுக் கல்லை வைத்துப் போட்டி நடத்துகிறார்கள், ஆனால் கைப்பிடியை இரு கையாலும் பிடித்து. கனடாவின் கியூபெக்கில் பிறந்த லூயி சிர் 500 பவுண்டுக்கு மேல் ஒரு விரலால் எழுப்பினார். நியூயார்க்கின் வாரன் டிராவிஸ் பெயரில் 667 பவுண்டு பதிவாகியிருக்கிறது.

இந்த எண்களைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். குறைத்தும் மதிப்பிட வேண்டாம். விரல் தூக்கலில் வளையம் விரல்நுனியில் இருக்காது. அடிப்பகுதியை ஒட்டி இருக்கும். விரலைக் கொக்கியாக மடக்கிவிட்டால் பாரத்தை நாணும் எலும்பும் வாங்கிக்கொள்ளும். உயரமும் சில அங்குலங்கள்தான். அப்படியானால் இது எளிதா? இல்லை. தோலும் சதையும் எலும்புக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்குகின்றன. பாதி பலம் என்றால் மீதி வலியைத் தாங்கும் பழக்கம். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால்தான் விரல் அந்த வலிக்குப் பழகும்.

எல்லாப் பதிவுக்கும் பொருள் சாட்சி இருப்பதில்லை என்பதற்கு ஹெர்மன் கோர்னர் ஓர் எடுத்துக்காட்டு. லைப்சிக் நகரத்துக்காரர். 1920 அக்டோபர் 8 அன்று ஒற்றைக் கையால் 330 கிலோவைத் தரையிலிருந்து எழுப்பினார் என்று எழுதியிருக்கிறது. அவருடைய நண்பர் எட்கர் முல்லர் 1951ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் இத்தகைய எண்களைப் பெரும்பாலும் பார்க்கிறோம். கோர்னரின் கை அசாதாரணமானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணை நான் பென்சிலால்தான் எழுதி வைப்பேன். இஞ்சின் டம்பெல் எடையை மையால் எழுதுவேன்.

ஸ்காட்லாந்தின் டின்னி கற்களையும் மையால் எழுதலாம். அபர்டீன் பகுதியில் போட்டார்க் என்ற இடத்தில் ஒரு பாலம். அதைப் பழுதுபார்க்கும்போது சாரத்துக்கு எதிர்ப்பாரமாகத் தொங்கவிட இரண்டு கருங்கற்களில் இரும்பு வளையம் பொருத்தியிருந்தார்கள். பெரியது 188 கிலோ, சிறியது 144 கிலோவுக்குச் சற்று மேல். 1860ல் டொனால்ட் டின்னி என்ற கொத்தனார் மகன் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிப் பாலத்தின் அகலத்தைக் கடந்தார். அகலம் ஐந்து மீட்டர் சொச்சம்தான். ஆனால் 332 கிலோ, இரண்டு கையிலும் வேறுவேறு பாரம், பிடிக்கக் கிடைப்பதோ ஆடுகிற வளையம். கற்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைத் தூக்கியவர்களின் பட்டியலை எழுதி வைக்கிறார்கள். 1979ல் ஜேன் டாட் என்ற அமெரிக்கப் பெண் மணிக்கட்டுப் பட்டையின் துணையோடு தூக்கினார். 2018ல் லீ ஹாலண்ட் கீன் என்ற ஸ்காட்லாந்துப் பெண் பட்டை இல்லாமலே தூக்கினார். நடுவில் 39 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவர்களைப்போல் முயன்று கை வலித்துத் திரும்பிய பெண்களின் பெயர்களும் எங்காவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

பயிற்சியைப் பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். யூஜின் சாண்டோ பெயர் நமக்குத் தெரியும். கோவைப் பக்கத்திலிருந்து வந்த சின்னப்பா தேவர் தன் பெயருக்கு முன்னால் சாண்டோ என்று சேர்த்துக்கொண்டார் அல்லவா, அந்தச் சாண்டோ. 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து போனவர். அவர் விற்ற டம்பெல் ஒன்று நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும், நடுவே ஸ்பிரிங். இரு பாதியும் ஒட்டும்படி இறுக்கிப் பிடித்தபடியே கையைச் சுழற்ற வேண்டும். கவனம் விரலில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நம் கர்லாக்கட்டை வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. கனம் கையிலிருந்து தள்ளி இருப்பதால் மணிக்கட்டும் விரலும் ஒவ்வொரு சுற்றிலும் அதை மடக்கிப் பிடித்தாக வேண்டும். ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் அதை இங்கிருந்து கொண்டுபோய்த் தங்கள் பள்ளிகளிலும் படைகளிலும் வைத்துக்கொண்டார்கள். நீண்ட காம்பின் நுனியைப் பிடித்துச் சம்மட்டியை முகத்தருகே இறக்கி ஏற்றும் அமெரிக்கப் பயில்வான்களும் இதே நெம்புகோல் கணக்கில்தான் பழகினார்கள்.

இன்று எண் குறித்த கைப்பிடிக் கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் ஐயன்மைண்ட் நிறுவனம் செய்யும் ஸ்பிரிங் பிடிகளில் மூன்றாம் எண் 280 பவுண்டு, நான்காம் எண் 365 பவுண்டு. மூன்றாம் எண்ணை 1991ல் ரிச்சர்ட் சோரினும், நான்காம் எண்ணை 1998ல் ஜோ கின்னியும் முதன்முதலில் முழுதாக மூடிக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே விதி, நேரில் ஒரு சாட்சி. இஞ்சின் காலத்து முணுமுணுப்புக்கு இங்கே இடமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தசை சில மாதத்தில் வளரும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெல்லத்தான் உறுதிப்படும், அறுந்தால் மெல்லத்தான் ஆறும். ஆர்வத்தில் தினமும் இறுக்கிக்கொண்டே இருந்தால் முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். அந்த வலி வந்தால் நிறுத்துங்கள். விரலை மடக்கப் பழகுகிற அளவுக்கு விரிக்கவும் பழகுங்கள். ஐந்து விரலையும் ரப்பர் வளையத்துக்குள் நுழைத்து விரித்தால் போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடிபலத்தை அளந்து நடத்திய ஆய்வு ஒன்று 2015ல் லான்செட் இதழில் வந்தது. பிடி ஐந்து கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. ரத்த அழுத்தத்தைவிடப் பிடி நல்ல அறிகுறியாக அமைந்தது. பிடியை வளர்த்தால் ஆயுள் வளரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடம்பு மொத்தமும் எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது என்பதே பொருள்.

கடைசியாக நம் ஊர்க் கற்கள். தென்மாவட்டங்களில் கோயில் முன்னாலும் சாவடி ஓரத்திலும் இளவட்டக்கல் கிடக்கிறது. சில ஊரில் இளந்தாரிக்கல் என்பார்கள், சில ஊரில் கல்யாணக்கல். உருண்டை, வழுவழுப்பு, வளையம் இல்லை, கைப்பிடி இல்லை. குந்தி அணைத்து, முழங்காலில் ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளுக்குப் பின்னால் போட வேண்டும். விரல்களை விரித்து உள்ளங்கையால் ஒட்டிப் பிடிக்கிற திறந்த கைப்பிடி; நான் இவ்வளவு நேரம் பேசியதும் அதைத்தான். நெல்லை மாவட்டத்தின் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலுக்கு இன்றும் போட்டி நடக்கிறது; பெண்களும் தூக்குகிறார்கள். ஆனால் பல ஊர்களில் அந்தக் கல் பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. அதன் எடை என்னவென்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது. யார் தூக்கினார் என்று கேட்டால் ‘எங்க தாத்தா தூக்குனாரு’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மண்டியிலிருந்து ஒரு தராசைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி பெற்று, கல்லைத் தோண்டி எடுத்துக் கழுவி நிறுங்கள். சுற்றளவைக் கயிறு போட்டு அளந்து எழுதுங்கள். அதைத் தூக்கிய தாத்தா இன்னும் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் பிடித்தீர்கள், முதலில் எந்த விரலில் வலித்தது என்று கேளுங்கள். பெயரையும் ஆண்டையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதி ஊர் நூலகத்தில் கொடுங்கள். நோட்டை எப்படிக் கோடு போட்டு வைப்பது என்று கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.